பத்துக் கிலோவுக்கான அளவு

என் வாய்க்குப் பயந்துதான் என்னைப் பின்னறையில் போட்டார்கள். சிரம்பான் மருத்துவமனை மருந்தகத்தில் முன்னால் உட்கார்ந்து மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவேண்டிய வேலைதான் என்னுடையது. ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, காதைக் காட்டவும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் புகார் எழுதிப் போட்டார். மறுவாரம் என் நாற்காலி பின்னறைக்குப் போய்விட்டது.

எனக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. பின்னறை என்பது குழந்தைகளுக்கு மருந்து கலக்கும் அறை. கம்பெனிகள் பல மருந்துகளைப் பெரியவர்களுக்கான மாத்திரையாக மட்டுமே செய்கின்றன. இருதயக் கோளாறோடு பிறந்த கைக்குழந்தைக்கு அந்த மாத்திரையில் ஒரு துணுக்குதான் வேண்டும், அதையும் அது விழுங்காது. அதனால் நாங்கள் மாத்திரைகளைப் பீங்கான் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்து, பாகு மாதிரியான ஒரு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, அந்தக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி அளந்து போத்தலில் ஊற்றி அனுப்புவோம். கடையில் கிடைக்காத மருந்து அது. ஒரு பிள்ளைக்குக் கலந்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. தோட்டத்து மருந்தறையில் இருந்தவர் பெரியவர்களுக்கான மாத்திரையைச் சவரபிளேடால் வெட்டி, கால் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். ஒரு துண்டு பெரிதாக இருக்கும், ஒன்று தூளாகிப் போயிருக்கும். சில பிள்ளைகள் பிழைத்தன. பிழைக்காத பிள்ளைகளுக்குச் சாமியைக் காரணம் சொன்னார்கள். அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். முன்னால் ஒரே இரைச்சல். எங்கள் தலைமை மருந்தாளர், என்னைவிட வயதில் சின்னவர், மலாய்க்காரப் பெண், அறைக்குள் தலையை நீட்டி, "காக், நீங்கள் வந்து பேசினால் நல்லது," என்றார் மலாயில். காக் என்றால் அக்கா. நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அங்கே நின்றவளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். லிங்கி பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருப்பவள். தலையை இழுத்து முடிந்திருந்தாள். கையில் நான் கலந்து அனுப்பிய போத்தல், பாதி காலி.

"நீங்கதான் இதைச் செய்றீங்களாக்கா? புள்ளைக்கு ஒன்னுமே கேக்கல. மூச்சு அப்படியேதான் வாங்குது. நீங்க தண்ணியக் குடுத்து அனுப்புறீங்களா?"

போத்தலை வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்தது தண்ணீர்தான். அடியிலும் ஒன்றுமில்லை. மருந்து எங்கே போனது என்று எனக்கே புரியவில்லை.

"அடியில மாவு மாதிரி தங்கியிருக்குமே, அது எங்க?" என்றேன்.

"அத நான் மொத நாளே எடுத்துட்டேன்க்கா. காப்பித்தூளு மாதிரி மண்டியாத் தங்கியிருந்துச்சு. புள்ளைக்குத் தொண்டையில சிக்கிக்கும்னு தெளிஞ்சத வேற போத்தல்ல ஊத்திவெச்சு, மண்டியக் கொட்டிட்டு, போத்தலக் கழுவித் திருப்பி ஊத்துனேன்."

காப்பியைத் தெளிய வைத்து இறுத்துக் குடித்தே பழகிய வீடு. அதே சுத்தத்தோடு மருந்தையும் இறுத்திருக்கிறாள். மருந்து மொத்தமும் சாக்கடையில் போய்விட்டது, பிள்ளை பாகைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், போத்தலின் மேலேயே குலுக்கவும் என்று எழுதியிருப்பது கண்ணில் படவில்லையா, கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்று பிடித்துக் கத்தினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அடியில தங்காத மாதிரி செய்யத் தெரியாதா உங்களுக்கு? படிச்சவங்கதானே லா?"

அந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப் போனது. பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கதவருகில் நிறுத்திவைத்து, புதிதாக ஒரு போத்தல் கலந்து, எப்படிக் குலுக்குவது, ஊசியில்லாத சிரிஞ்சில் எப்படி உறிஞ்சுவது, காற்றுக் குமிழியை எப்படித் தட்டி வெளியேற்றுவது, பிள்ளையின் வாயில் கன்னத்தோரமாக எப்படி மெதுவாக விடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்," என்றாள். ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் காதில் விழுந்திருக்காது.

இந்த மருந்து ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாலும் அதன்பின் கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் மாதம் தவறாமல் வந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும் என்று டாக்டரைப் பார்க்கும் நாளைத் தவிர மற்ற மாதங்களில் தனியாகத்தான் வருவாள். முதல் தடவை ஒரு வெள்ளை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் ஆற்று மீன் நாற்றம். அவள் வீட்டுக்காரர் லிங்கி ஆற்றில் தூண்டில் போடும்போது கொண்டுபோகிற பெட்டி.

"மருந்தா, மீன் குழம்பா, எதுக்கு இது?" என்றேன்.

அடுத்த மாதம் அதே பெட்டி சாம்பிராணி வாசத்தோடு வந்தது. எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புகை போட்டிருக்கிறாள். "இப்ப மோந்து பாருங்க," என்று என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீனும் சாமியும் சேர்ந்து வருகிறது என்றேன்.

கசப்புதான் பெரிய பிரச்சினை. பிள்ளை துப்பிவிடுகிறது, அல்லது வாந்தி எடுக்கிறது. எடுத்த வாந்தியில் எவ்வளவு மருந்து போனது, திரும்பக் கொடுக்கலாமா கூடாதா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களிடம் சேர்ப்பதற்கென்று இரண்டு மூன்று சுவைச்சாறுகள் உண்டு. ஸ்ட்ராபெரியைப் போட்டுப் பார்த்தேன், துப்பியது. ஆரஞ்சைப் போட்டுக் கலந்தேன். அது ஒத்துக்கொண்டது. ஆரஞ்சிலேயே ஒரு கசப்பு இருப்பதால் மருந்தின் கசப்பு அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

அடுத்த மாதம் அவள் வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, இப்ப அவளே கேட்டு வாங்கிக்கிறா. அதோட, நான் குலுக்கக் கூடாதாம். அவதான் குலுக்குவாளாம். போத்தல ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, தலையும் சேந்து ஆடும். போதும்டின்னா விடமாட்டா. சோறு ஊட்டப் போனா வாயத் தொறக்கமாட்டா, மருந்துன்னா ஓடி வர்றா."

நான் அந்தப் பிள்ளையை அதுவரை பார்த்ததில்லை. இரண்டு வயது தாண்டிய பெண் குழந்தை என்று தெரியும். எடை தெரியும். டாக்டர் பார்க்கும்போதெல்லாம் சீட்டில் எடையை எழுதுவார், எடை ஏறினால் மருந்தின் அளவும் கொஞ்சம் ஏறும். முகம் தெரியாத ஒரு பிள்ளை என் கையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. ஏழரை என்றிருந்தது எட்டு ஆனபோது யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு சந்தோஷம். அளவுக் குவளையில் மருந்து ஒரு கோடு உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பத்துக் கிலோ வந்தால் கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை செய்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குக் குறைந்தால் அந்த உடம்பு தாங்காது. அந்தப் பத்துதான் அவர்கள் வீட்டில் சாப்பாடு, தூக்கம், வேண்டுதல் எல்லாமாக இருந்தது. தோட்டத்து முனியாண்டிக்குப் பத்துத் தேங்காய் நேர்ந்திருந்தாள்.

டாக்டர் பார்க்கும் நாள் வரை பொறுக்க முடியாமல் அவர்களே நிறுக்க ஆரம்பித்தார்கள். அவள் வீட்டுக்காரர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்து விழும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி நிறுப்பதற்கு ஒரு தொங்கு தராசு வைத்திருந்தார்கள். அதைக் களத்துக் கொட்டகையில் மாட்டி, கைலியைத் தூளி மாதிரி கட்டி, பிள்ளையை அதில் உட்கார வைப்பார்களாம். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடி நின்று முள்ளைப் பார்க்குமாம்.

"அது சாக்கு நிறுக்கிற தராசும்மா. புள்ளைய நிறுக்கிறதுக்கு இல்ல," என்றேன்.

"சாக்குக்குப் பொய் சொல்லாத தராசு எம்புள்ளைக்கா பொய் சொல்லப் போவுது?" என்றாள்.

என் வாயை அடைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவள் மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் மருந்து வாங்கும் தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் ஐஸ் பெட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கேசரி. முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பின்னறைக் கதவைத் தட்டினாள்.

"பத்து வந்துருச்சிக்கா!"

எனக்கும் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. கேசரியை வாயில் போட்டுக்கொண்டே உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. கொட்டகையில் முள் பத்தைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்களாம். வீட்டுக்காரர் அழுதே விட்டாராம். கன்னமெல்லாம் உப்பி, கண்ணே சின்னதாகத் தெரிகிறதாம். பார்க்கிறவர்கள் எல்லாரும் கொழுக்குமொழுக்கென்று இருக்கிறாள் என்று கிள்ளிவிட்டுப் போகிறார்களாம். கண் பட்டுவிடக் கூடாது என்று மிளகாய் சுற்றிப் போட்டு, கன்னத்தில் பெரிய மை பொட்டு வைத்துவிட்டு வந்தாளாம்.

"கொலுசு கூட எறங்கமாட்டேங்குதுக்கா. போன வாரம் லூசா இருந்த கொலுசு. இப்ப இறுகிப் போச்சு. சோப்புப் போட்டுத்தான் கழட்டுனேன். சிரம்பான்ல புதுசு ஒன்னு வாங்கிட்டுத்தான் போகணும்."

நான் கேசரியைக் கீழே வைத்தேன்.

"சாப்பிடறாளா?" என்றேன்.

"எங்க சாப்புடறா? அதே ரெண்டு வாய்தான்."

"ஒன்னுக்குப் போறாளா?"

"கொஞ்சம் கொறவுதான்."

"காலை விரல வெச்சு அழுத்துனா குழி விழுதா?"

அவள் சிரித்தபடியே சொன்னாள்: "ஆமாக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்? அழுத்துனா அப்படியே பள்ளமா நிக்குது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு அதான் வெளையாட்டு. பெசஞ்ச மாவு மாதிரி இருக்குன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

தராசு பொய் சொல்லவில்லை. பத்துக் கிலோ இருந்தது. அதில் சதை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று தராசுக்கு எப்படித் தெரியும்? இருதயம் இறைக்க முடியாமல் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டிருந்தது. நோஞ்சான் குஞ்சாக இருந்த பிள்ளை ஒரே வாரத்தில் பூசணிக்காய் ஆனதை அந்தச் சனம் சந்தோஷமாகப் பார்த்திருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மெலிந்தால் நோய், பெருத்தால் சுகம் என்றுதான் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அங்கே அதுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு. காரு புடிச்சு புள்ளைய இப்பவே இங்க தூக்கிட்டு வரச் சொல்லு."

"ஏன்க்கா? தேதி அடுத்த மாசந்தானே?"

"இப்பவே," என்றேன். முதல் நாள் கத்தின கத்தலை இன்று கத்த முடியவில்லை. அந்த மெதுவான குரல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். டப்பாவை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். எத்தனையோ பேர் முகத்தில் அடித்தாற்போலப் பேசியிருக்கிறேன். ஒருத்தியின் சந்தோஷத்தைப் பிடுங்கியது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, மருந்து கொண்டுபோகிறவரிடம் கெஞ்சி நானே கொண்டுபோனேன். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். கண் இரண்டும் கோடு மாதிரி. கணுக்காலில் கொலுசு இறுகிப் பதிந்த தடம் சிவப்பாக அப்படியே இருந்தது. கன்னத்தில் மை பொட்டு கலைந்து இழுத்திருந்தது, யாரும் துடைக்கவில்லை.

தாதி போத்தலை எடுத்துக் குலுக்கப் போனார். பிள்ளை முனகியது. கையை நீட்டியது. என்ன கேட்கிறது என்று தாதிக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. போத்தலை வாங்கி அந்தக் கையில் வைத்து, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகக் குலுக்கினோம். அதற்குத் தலை ஆட்டத் தெம்பு இல்லை. மருந்தை வாயில் விட்டதும் நாக்கைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் யாரென்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால், உனக்கு ஆரஞ்சு பிடிக்கும் என்று கண்டுபிடித்தவள் நான்தான் என்று சொல்லியிருப்பேன்.

நீர் இறங்க ஊசி போட்டார்கள். இறங்கியது. சீட்டில் எடை எட்டரைக்கு வந்தது. அந்தச் சீட்டைப் பார்த்து எடை குறைந்ததே என்று நிம்மதிப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "பத்து இருந்துச்சே, பத்து இருந்துச்சே," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கொடுக்க வேண்டும் என்று எட்டரைக் கிலோவுக்கு ஒரு போத்தல் கலந்து, லேபிள் ஒட்டி, குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன்.

யாரும் வாங்க வரவில்லை. கணினியில் பிள்ளையின் பெயருக்கு நேரே போட்டிருந்ததைத் தலைமை மருந்தாளர்தான் முதலில் பார்த்தார். அறைக்குள் வந்து என் தோளில் கையை வைத்தார். அந்த மேல்தட்டுப் போத்தலைத் தேதி முடியும்வரை நான் தொடவில்லை. முடிந்த அன்று நானே எடுத்துக் கழிவுக்குரிய கொள்கலனில் ஊற்றினேன். அடியில் தங்கியிருந்தது சுலபமாக வரவில்லை. குலுக்கித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. அழுதேன்.

அதற்குப் பிறகும் அவள் வந்தாள். ஐஸ் பெட்டியோடு வந்தாள். முன்னால் இருந்தவர்கள் தயங்கித் தயங்கி என்னைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். திட்டாதீங்க."

"திட்டல. சொல்லு."

"செத்தவங்களுக்கு என்ன புடிக்குமோ அத வெச்சுக் கும்புடுவாங்கல்ல. எங்க மாமனாருக்குப் பீரும் சுருட்டும் வெச்சோம். இவளுக்கு என்னத்த வெக்கிறது? எதையும் திங்கலயே அவ. அந்த மருந்து ஒன்னுதான் ஆசையாக் குடிச்சா." அவள் ஐஸ் பெட்டியைத் திறந்து நீட்டினாள். "மருந்து போட வேணாம்க்கா. அந்த ஆரஞ்சுத் தண்ணி மட்டும் ஒரு போத்தல் குடுங்க."

இல்லாத பிள்ளைக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். "இங்க முடியாதும்மா. ஞாயித்துக்கெழம நான் வர்றேன்," என்று மட்டும் சொன்னேன்.

பாரோயில் என் வீட்டு அடுப்பில்தான் செய்தேன். சீனிப் பாகு காய்ச்சி, கேக் சாமான் கடையில் வாங்கிய ஆரஞ்சுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வாயில் வைத்துப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சர்பத் மாதிரி இருந்தது. பிள்ளை குடித்தது இது இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஆரஞ்சு என்றாலே அதில் ஒரு கசப்பும் உண்டு. ஒரு ஆரஞ்சை உரித்து, தோலின் உட்புறத்து வெள்ளையைச் சுரண்டி, பாகில் போட்டுத் திரும்பக் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். நாக்கின் கடைசியில் அந்தக் கசப்பு வந்து நின்றதும் அடுப்பை அணைத்தேன். பழுப்பு நிறப் போத்தலில்தான் ஊற்றினேன். லேபிள் ஒட்டவில்லை. என்னவென்று எழுதி ஒட்டுவது?

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலிலேயே ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் மாமனாரின் அண்ணன், அந்த வீட்டில் இப்போது மூத்தவர், வழியை மறித்து நின்றார்.

"சின்னப் புள்ளைக்குப் படையல் கெடையாதும்மா. மண்ணுல வெச்சுப் பால் ஊத்துனதோட முடிஞ்சுபோச்சு. நீ பாட்டுக்குக் கூப்புட்டுக் கூப்புட்டு வெச்சின்னா அது எப்படிப் போய்ச் சேரும்? அடுத்து ஒன்னு பொறக்க வேணாமா?"

அவர் கல்மனசுக்காரர் இல்லை. கண்ணெல்லாம் சிவந்துதான் இருந்தது. தெரிந்ததைச் சொன்னார். அவள் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அவள் என் கையிலிருந்து போத்தலை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"படையல்தானே பெரியப்பா வெக்கக் கூடாது? நான் வெக்கல. எம்புள்ளைக்கு மருந்து குடுக்கப் போறேன். மருந்து குடுக்கலாம்ல?"

அவர் அந்தப் போத்தலைப் பார்த்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கினார்.

தோட்டத்து மயானம் செம்பனை வரிசையின் முடிவில் இருக்கிறது. பெரியவர்களைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய் எரிக்கிறார்கள், இப்போது அங்கே புதைப்பது பிள்ளைகளைத்தான். சின்ன மேடு. தலைமாட்டில் ஒரு செங்கல், அதில் அந்தப் பழைய கொலுசைச் சுற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். கொஞ்ச தூரம் தள்ளிப் பெரியவரும் வந்து நின்றார்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து சிரிஞ்சை எடுத்தாள். பிறகு போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுக்க ஆரம்பித்தாள். அதில் அடியில் தங்குவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் சீனித் தண்ணீர். தலையும் சேர்ந்து ஆட ஆட, நெடுநேரம் குலுக்கினாள். அவள் கணவர் திரும்பி நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மூடியைத் திறந்து சிரிஞ்சை உள்ளே விட்டவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பத்துக் கிலோவுக்கு எவ்வளவுக்கா?"

கடைசியாக நான் கலந்தது எட்டரைக்கு. பத்துக்கு எவ்வளவு என்பதை எப்போதோ கணக்குப் போட்டு மனதில் வைத்திருந்தேன், அந்த நாள் வரும்போது யோசிக்காமல் எழுத வேண்டும் என்று.

"ரெண்டரை," என்றேன்.

அவள் உறிஞ்சினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தட்டி, குமிழியை வெளியேற்றினாள். கோட்டைப் பார்த்தாள்.

"ரொம்ப ஏறியிருக்கேக்கா," என்றாள்.

"வளந்துட்டால்ல," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து, மண்ணில் கன்னம் இருக்கும் பக்கமாகப் பார்த்து, மெதுவாக விட்டாள்.